ஒன்பது ஊமை நரிகள்

குரல் அறுபட்ட நரியின் வாயிலிருந்து காற்றுதான் வரும். இதில் இன்னோகென்டிக்குச் சந்தேகமே கிடையாது. அறுத்தவனே அவன்தான்.

அதனால்தான் வியாழக்கிழமை காலை நரிக் கொட்டகைக்குள் யாரோ தொண்டையைச் செருமியபோது, அவன் கையிலிருந்த கஞ்சி வாளி தளும்பிக் கம்பளி பூட்ஸின் மேல் ஊற்றியது.

பெரிய சத்தம் ஒன்றுமில்லை. மேடையில் பாட்டுப் பாடப் போகும் பள்ளிக்கூடப் பிள்ளை முதல் வரிக்கு முன்னால் செருமிக்கொள்ளுமே, அப்படி ஒரு சின்னச் செருமல். வெளியே மூன்றாவது நாளாகப் பனிப்புயல் தகரக் கூரையைப் பிறாண்டிக்கொண்டிருந்தது. வேகவைத்த மீனின் வாடையும் நரி மூத்திரத்தின் காரமும் கலந்து மூக்கை அடைத்தன. ஒன்பது கூண்டுகளிலும் ஒன்பது நரிகள் எப்போதும்போல முன்னங்கால்களைக் கம்பியில் ஊன்றி நின்று, வாலை ஆட்டி, அவனைப் பார்த்து வாயைத் திறந்து திறந்து மூடின. ஹ்ஹா... ஹ்ஹா... வெறும் காற்று.

"காத்துதான்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு கஞ்சியை ஊற்றினான்.

அவை காட்டு நரிகள் அல்ல. அறுபது தலைமுறைகளாக மனிதன் கையை நக்கியவற்றை மட்டும் இணை சேர்த்து இணை சேர்த்து உண்டாக்கிய சாதி. நாயைப்போலக் குழையும், தூக்கிக்கொண்டால் காதைக் கவ்வி விளையாடும். ஒரே ஒரு குறை. விடியற்காலையில் அலறும். பிரசவ வலியில் பெண் அலறுவதைப்போல அலறும். மாஸ்கோ அடுக்குமாடியிலும், பாலைவன நாட்டு மாளிகையிலும் அதை வாங்கி வைத்தவர்கள் ஒரே வாரத்தில் திருப்பி அனுப்பினார்கள். அப்போதுதான் இன்னோகென்டியின் மைத்துனன் போக்தானுக்கு அந்த யோசனை வந்தது. 'சத்தம் போடாத நரி' என்று விளம்பரம் போட்டான். மைத்துனர் இருவரில் ஒருவன் வியாபாரி, இன்னொருவன் கால்நடை வைத்தியன். வேறென்ன வேண்டும்?

தோட்டத்து நீராவிக் குளியல் குடில்தான் அறுவை அறை. சூடாக இருக்கும், கழுவுவதும் சுலபம். மயக்க ஊசி, வாயைப் பிளந்து பிடிக்க ஒரு கவ்வி, உள்ளே பார்க்க நீளக் கைப்பிடி வைத்த குட்டிக் கண்ணாடி, இடுக்கி, கத்தரி. நான்கு நிமிட வேலை. இன்னோகென்டிக்கு இடக்கைப் பழக்கம். அதனால் அவனுடைய வெட்டு எப்போதும் வலப்பக்கமாகச் சற்றுச் சாய்ந்திருக்கும். மயக்கம் தெளிந்ததும் ஒவ்வொரு நரியும் வாயோரத்தில் ரத்தம் ஒழுக அவனைத் தேடி வந்து அதே இடக்கையை நக்கும். அதுதான் அவனுக்குப் பிடிக்காது. கடித்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

கொட்டகையிலிருந்து வீட்டுக்கு நாற்பது அடி. புயல் நாட்களில் அந்த நாற்பது அடிக்குள் வழி தவறி விறைத்துப்போனவர்கள் ஓப் ஆற்றங்கரை ஊர்கள் எல்லாவற்றிலும் உண்டு. இடுப்பு உயரத்தில் கட்டியிருந்த கயிற்றைப் பிடித்துக்கொண்டே வீட்டுக்குப் போனான்.

மகள் உல்யா சமையலறை மேஜையில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தாள். ஏழு வயது. பேச ஆரம்பித்தால் ரயில் மாதிரி, நிறுத்தம் வந்தால்தான் நிற்பாள் என்பாள் அவள் அம்மா ரிம்மா. ரிம்மா நெடுந்தூர ரயிலில் பணிப்பெண். சனிக்கிழமை கிளம்பியவள், திரும்ப இன்னும் ஒரு வாரம் இருந்தது. அவள் போன மறுநாள் இரவு உல்யாவின் தொண்டை கட்டியது. திங்களன்று கரகரப்பு. செவ்வாயன்று கிசுகிசுப்பு. நேற்றிலிருந்து சத்தமே இல்லை.

"பால்ல தேன் விட்டுத் தந்தேனே, குடிச்சியா?"

தலையாட்டினாள்.

"வலிக்குதா?"

இல்லை என்று ஆட்டினாள். பிறகு வாயைத் திறந்து எதையோ சொல்லப் பார்த்தாள்.

ஹ்ஹா...

இன்னோகென்டி கையிலிருந்த குவளையைக் கீழே வைத்தான்.

அந்தச் சத்தம் அவனுக்குத் தெரியும். ஒரு நாளைக்கு ஒன்பது வாயிலிருந்து கேட்கிற சத்தம்.

குளியல் குடிலிலிருந்து குட்டிக் கண்ணாடியை எடுத்து வந்து மூன்று முறை கொதிக்க வைத்தான். மகளை ஜன்னலோரம் உட்காரவைத்து, நெற்றியில் விளக்கு மாட்டி, நாக்கை மெல்லத் துணியால் பிடித்தான். "ஆ சொல்லு, சிட்டு. ஒண்ணும் ஆகாது." கண்ணாடியை உள்ளே விட்டான். வீக்கம் இருக்கும், சிவப்பு இருக்கும், சளி கட்டியிருக்கும் என்றுதான் நினைத்தான்.

வீக்கம் இல்லை. சிவப்பு இல்லை. சுத்தமான, ஆறிப்போன, வெளிர் ரோஜா நிறத் தழும்பு. இரண்டு குரல் நாண்களும் இருந்த இடத்தில் இரண்டு குட்டை விளிம்புகள். வெட்டு வலப்பக்கமாகச் சற்றுச் சாய்ந்திருந்தது.

அவனுடைய வெட்டு.

கண்ணாடியை வெளியே எடுத்தான். உல்யா அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு காகிதத்தை இழுத்துக் கோணல் எழுத்தில் எழுதினாள். 'நரிங்களுக்குக் குடுத்துட்டேன்.'

ஞாயிற்றுக்கிழமை அவனுக்கு ஞாபகம் வந்தது. மதியம் கடைசி நரிக்கு, சாம்பல் நிறப் பெட்டைக்கு, அறுவை முடிந்தது. போக்தான் கால்களைப் பிடித்துக்கொண்டிருந்தான். சாயங்காலம் மூன்று பேருமாக உட்கார்ந்து பெல்மெனிக் கொழுக்கட்டை பிடித்தார்கள். கொழுக்கட்டை பிடிக்கும்போது ஒன்றே ஒன்றுக்குள் மட்டும் இறைச்சிக்குப் பதில் வேறு எதையாவது வைத்து மூடுவது வழக்கம்தானே. முழு மிளகு, வெறும் மாவு, சட்டைப் பொத்தான். யார் வாயில் அகப்படுகிறதோ அவர் அதிர்ஷ்டசாலி, ஒன்று வேண்டிக்கொள்ளலாம். அன்றைக்கு அதைப் பிடித்தவன் போக்தான். அகப்பட்டது உல்யாவுக்கு.

"அய்ய, ரப்பர் மாதிரி இருக்கு மாமா!"

"முழுங்குடி, முழுங்கு! துப்பினா அதிர்ஷ்டம் போயிடும். சீக்கிரம் வேண்டிக்கோ."

உல்யா முழுங்கிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு சத்தமாகவே வேண்டினாள். "நரிங்களுக்கெல்லாம் குரல் திரும்பக் கிடைக்கணும்."

"கெட்டுது போ! கிடைச்சா உங்க மாமா பொழப்பு நாறிடும்" என்று போக்தான் மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தான்.

இன்னோகென்டி மீண்டும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கொட்டகைக்கு ஓடினான். அந்த வளாகத்தில் கைபேசிக்குச் சிக்னல் கிடைக்கும் ஒரே இடம் கொட்டகையின் மேல் ஜன்னல் ஓரம்தான். தீவனப் பீப்பாய்மேல் ஏறி நின்றால் இரண்டு கோடு காட்டும். பகல் பதினொரு மணி. ஆனாலும் ஜன்னலில் வெளிச்சம் இல்லை, வெண்மை மட்டும் இருந்தது. பாலில் முக்கிய துணியைக் கண்ணாடியில் ஒட்டியதுபோல. நரிகள் வாலாட்டின. பீப்பாய்மேல் ஏறிப் போக்தானை அழைத்தான்.

"என்ன மச்சான், சரக்கெல்லாம் சௌக்கியமா?" போக்தானின் குரலில் உற்சாகம். "நாளைக்கு வண்டி வராது. ரோடு மூடியாச்சு. பனி வார்ற வண்டியே கவுந்து கெடக்குதாம்."

"போக்தான், ஞாயித்துக்கிழமை அந்தக் கொழுக்கட்டைக்குள்ள என்ன வெச்ச?"

போக்தான் சிரித்தான்.

"இப்பதான் கேக்கத் தோணுச்சா? உனக்குன்னு வெச்சேன்யா அது. உன் தட்டுலதான் போட்டேன். உன் பொண்ணு பெருசா இருக்குன்னு மாத்திக்கிட்டா, நான் என்ன பண்ண?"

"என்ன வெச்ச?"

"குளியல் குடில்ல டப்பா மூடியில கெடந்துச்சே, சாம்பல் நரியோடது. நீ தொண்டையில வெட்டிப்போட்ட ரெண்டு துணுக்கு. ஏன் மச்சான், நீ ஆட்டுக் குடலு தின்னதே இல்லையா? வெந்துச்சு, செத்துச்சு. விடுவியா."

"அவளுக்குக் குரல் போச்சு."

"சளி புடிச்சிருக்கும்."

"நான் பாத்தேன் போக்தான். உள்ள பாத்தேன். வெட்டியிருக்கு."

"காலையிலேயே ஊத்திக்கிட்டியா?"

அவனுக்குப் பின்னால், முழங்கால் உயரத்திலிருந்து, தெளிவாக, மணி அடித்ததுபோல ஒரு குரல் கேட்டது.

"வலிக்குமா அப்பா?"

உல்யாவின் குரல். முதல் நரியை அறுக்க எடுத்துப்போன அன்று குடில் வாசலில் நின்று அவள் கேட்ட கேள்வி. நகம் வெட்டுற மாதிரிதான் கண்ணு என்று அன்று அவன் சொல்லியிருந்தான்.

"இதோ பேசுறாளே!" என்றான் போக்தான் கைபேசியில். "நல்லாத்தான பேசுறா? ஏன்யா மனுஷனைப் போட்டு..."

கைபேசி கையிலிருந்து நழுவி வைக்கோலில் விழுந்தது. இன்னோகென்டி திரும்பினான். கொட்டகையில் யாரும் இல்லை. ஒன்பது நரிகள். ஒன்பதும் வாலாட்டவில்லை. எட்டு நரிகள் சாம்பலைத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தன. சாம்பல் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தது. அதன் வாய் மெதுவாக மூடியது.

கயிற்றைப் பிடித்தானா இல்லையா என்று தெரியாமல் வீட்டுக்குள் வந்து விழுந்தான். உல்யா இருந்த இடத்திலேயே இருந்தாள். கதவைத் தாழிட்டு, மகளை மடியில் போட்டுக்கொண்டு அடுப்போரம் உட்கார்ந்தான். அவள் அப்படியே தூங்கிப்போனாள். அவள் மூச்சு காற்றாக வந்து போவதைக் கேட்டுக்கொண்டிருந்தான். ஹ்ஹா... ஹ்ஹா... ஒரு மணி நேரம் போயிருக்கும். ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும். ரோடு மூடியிருந்தால் ஹெலிகாப்டரையாவது அனுப்பச் சொல்லிக் கெஞ்ச வேண்டும். கைபேசி கொட்டகையில்.

உல்யாவைக் கட்டிலில் கிடத்திப் போர்த்திவிட்டு மறுபடி போனான்.

கைபேசி அவன் போட்ட இடத்தில் இல்லை.

மேல் ஜன்னலை ஒட்டியிருந்த சாம்பலின் கூண்டுக்குள், அதன் இரண்டு முன்னங்கால்களுக்கும் நடுவே கிடந்தது. திரையில் இன்னும் வெளிச்சம். இப்போதுதான் ஏதோ அழைப்பு முடிந்திருந்தது. கண்ணாடியின் மேல், பச்சைப் பொத்தான் இருக்கும் இடத்தில், ஈரமான ஒரு சின்ன வட்டம். மூக்கின் தடம்.

கம்பிக்குள் கைவிட்டு எடுத்தான். கையிலேயே அது மறுபடி அடித்தது. அவனைக் கேஷா என்று செல்லமாகக் கூப்பிடும் ஒரே ஆள். ரிம்மா.

"கேஷா! ஏன் கட்டாயிடுச்சு? நாங்க ஓம்ஸ்க் வந்தாச்சு. வண்டி இன்னும் பத்து நிமிஷம் நிக்கும். குடு அவகிட்ட."

"யாருகிட்ட?"

"யாருகிட்டயா? இவ்வளவு நேரம் என்கூட வாயடிச்சாளே, உன் பொண்ணுகிட்ட. தொண்டை கட்டிடுச்சுன்னு செய்தி அனுப்பியிருந்த, கிளி மாதிரி பேசுறா!" ரிம்மா சிரித்தாள். பின்னால் ரயில் நிலைய அறிவிப்பு இரைந்தது. "ஆனா ஒண்ணு, என்னென்னமோ பேசுறா. 'நாங்க ஒன்பது பேரு'ங்கறா. யாருடி ஒன்பது பேருன்னா சிரிக்கிறா. 'அப்பா நாலு நிமிஷத்துல முடிச்சாரு, நாங்க மெதுவாப் பண்ணுவோம்'ங்கறா. என்ன விளையாட்டு இது, கேஷா? கேஷா? லைன்ல இருக்கியா?"

இரண்டு கோடும் போயின. கைபேசி செத்தது.

கொட்டகை அமைதியாக இருந்தது. புயல்கூடக் கூரையைப் பிறாண்டுவதை நிறுத்திவிட்டுக் காது கொடுத்ததுபோல இருந்தது.

முதலில் மருந்துப் பெட்டியின் பக்கம்தான் அவன் கை போனது. ஒன்பதுக்கும் போதுமான மருந்து இருந்தது. ஆனால் இவை செத்தால் அவளுடைய குரல்? அது எங்கே போகும்? கை திரும்பியது. தன்னுடைய சரக்கின் முன்னால், மூத்திர வைக்கோலில், மண்டியிட்டான்.

"தப்புதான்" என்றான். "தப்புதான். அவளோடதைக் குடுத்துடுங்க. குடுத்துட்டுப் போயிடுங்க. நான் திறந்து விட்டுடறேன். எல்லாரையும் விட்டுடறேன்."

ஒன்பது தாழ்ப்பாள்களையும் எடுத்தான். கொட்டகையின் பெரிய கதவையும் திறந்து வைத்தான். வெண்மை உள்ளே புகுந்து தரையில் நாக்கு நாக்காக நீண்டது.

நரிகள் ஓடவில்லை.

ஒவ்வொன்றாக இறங்கி வந்தன. நேராக அவனிடம். ஒவ்வொன்றும் அவனுடைய இடக்கையை நக்கியது. சூடான நாக்கு. சொரசொரப்பு. ஒன்று. இரண்டு. வால்கள் ஆடின. நான்கு. ஐந்து. கண்களில் கோபம் என்று ஒன்றுமே இல்லை. எட்டு. நக்கிய ஒவ்வொன்றும் வெளியே போய் வெண்மையில் கரைந்தது.

கடைசியாகச் சாம்பல். அது கையை நக்கவில்லை. அவன் தொடைமேல் முன்னங்கால்களை வைத்து ஏறியது. மீன் வாடை அடிக்கும் மூச்சு முகத்தில் பட்டது. அவன் கழுத்தை, சரியாகத் தொண்டை முடிச்சின்மேல், ஒரே ஒரு முறை நக்கியது. நிதானமாக. கீழிருந்து மேலாக.

பிறகு அதுவும் போய்விட்டது.

முடிந்தது என்று நினைத்தான். சில நிமிடம் அங்கேயே மண்டியிட்டிருந்துவிட்டு எழுந்தான். கயிற்றைப் பிடித்து வீட்டுக்கு நடந்தான். கால்கள் லேசாக இருந்தன. அவள் எழுந்திருப்பாள். அப்பா என்பாள்.

வீட்டுக் கதவு திறந்திருந்தது.

கட்டில் காலி. போர்வை இன்னும் சூடாக இருந்தது. மாட்டியிருந்த கோட்டு இல்லை. சின்ன பூட்ஸ் இல்லை. மேஜைமேல் காகிதம். அவசரக் கோணல் எழுத்து.

'கூப்பிட்டுக்கிட்டே இருக்கீங்களே அப்பா. வர்றேன்.'

அவன் கூப்பிடவே இல்லை.

வாசலுக்குப் பாய்ந்தான். படியிலிருந்து சின்னத் தடங்கள் இறங்கியிருந்தன. ஏழெட்டு அடிக்கு மேல் பனி அவற்றைத் தின்றுவிட்டிருந்தது. தடங்கள் கயிற்றின் பக்கம் போகவில்லை. ஆற்றின் பக்கம் போயிருந்தன. இரண்டு ஓரத்திலும், துணைக்குப் போவதுபோல, நரிக் கால்கள்.

கயிற்றை விட்டுவிட்டு ஓடினான். பத்து அடி. இருபது. வீடு மறைந்தது. மேலும் கீழும் வெண்மை.

"அப்பா!"

இடப்பக்கம்.

"அப்பா, குளிருது!"

வலப்பக்கம்.

"அப்பா, இங்க!" பின்னால். "அப்பா!" முன்னால். "அப்பா, பசிக்குது." "அப்பா, வலிக்குமா?" "வலிக்குமா?" "வலிக்குமா அப்பா?"

சுற்றிலும் மகளின் குரல். ஒன்றுகூட மகள் இல்லை. அவளால் கூப்பிட முடியாது. இந்தக் குரல்கள் இல்லாத இடத்தில்தான், சத்தமே இல்லாத ஏதோ ஒரு மூலையில்தான், அவள் நிற்கிறாள். வாயைத் திறந்து திறந்து மூடுகிறாள். அவனுடைய குரல் கேட்டால் ஓடி வருவாள். அது போதும். ஒரே ஒரு சத்தம்.

நெஞ்சு நிறையக் குளிர்க்காற்றை இழுத்தான். வாயைத் திறந்தான்.

ஹ்ஹா...

மறுபடி.

ஹ்ஹா...

தொண்டையில் வலி இல்லை. நாக்கில் இரும்பின் ருசி மட்டும்.

குரல்கள் ஒவ்வொன்றாக அடங்கின. ஒன்பதும் அடங்கின. புயலுக்குள் ஓர் இடைவெளி விழுந்தது. அந்த இடைவெளியில், ஆற்றின் பக்கத்திலிருந்து, பனிக்கட்டி மெல்லிசாக இருக்கும் திசையிலிருந்து, ஓர் ஆணின் குரல் கேட்டது. அன்பான குரல். அவனுடைய குரல்.

"இங்கதான் இருக்கேன் உல்யா. நேரா வா. பயப்படாத. இன்னும் கொஞ்ச தூரம்தான்."

அதை நோக்கி, பனியில் சரக் சரக்கென்று, சின்ன பூட்ஸ் கால்கள் ஓடத் தொடங்கின.